ஆறாவது வரி

ஸ்காபரோ ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம்.
பெப்ரவரி, செவ்வாய்க்கிழமை.
பலகையைச் சரிபார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள்,
மணிக்கு நாற்பத்திரண்டு டொலர், பார்க்கிங் தனி.

கணினி கொம்புகளைக் கழற்றிவிட்டிருந்தது.
கொம்பு ஓரிடம், எழுத்து ஓரிடம்,
நடுவில் ஆளில்லாத புள்ளிவட்டம்.
திருத்திக் கொடுத்தேன்.
கிரெய்க் பெருமூச்சு விட்டான்:
"உங்கள் மொழிக்கு ஏன் இவ்வளவு நீளம்?"
உண்மைதான்.
சீனம் சில கட்டங்களில் வேலையை முடித்துவிடுகிறது.
நாங்கள் பலகையின் ஓரத்தைத் தொட்டபிறகும்
'பகுதி' என்ற சொல்லுக்கு வந்து சேரவில்லை.

பலகைகளை எனக்குத் தெரியும்.
அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில்
அப்பாவின் கந்தோருக்கே கடிதம் வந்த காலம் தெரியும்.
இரவில் தார்வாளியோடு வந்தவர்களைத் தெரியும்.
பதிலுக்குத் தார்வாளியோடு போன
எங்கட ஆட்களையும் தெரியும்,
ஒருவர் என் மாமா.

மொப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு
லெத்தெப்ரான் வந்து நின்றாள்.
பஸ் அட்டவணை பார்ப்பதுபோல்
ஐந்து வரியையும் மேலிருந்து கீழ் பார்த்தாள்.
"எங்களுடையது?"
கோபமில்லை. கேட்டாள், அவ்வளவுதான்.
அவள் பேசுவது டிக்ரின்யா.
பதினொரு வருஷமாய் இந்தத் தளத்தைத் துடைக்கிறாள்.

இடமில்லை என்றான் கிரெய்க்.
எத்தனையைத்தான் எழுதுவது, எங்கே நிறுத்துவது?
அந்தக் கேள்வியோடு எனக்குப் பழைய பழக்கம்.
முன்பெல்லாம் எதிரில் நின்று கேட்கும்.
இன்று என் தோளுக்குப் பின்னாலிருந்து,
என் வரியின் நீளத்தைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு.

அளவுநாடா வைத்து அளந்தோம்.
தமிழ் மட்டும் இரண்டு வரி பிடித்திருந்தது:
ஊடுகதிர்ப் படப்பிடிப்புப்
பகுதி.
வெட்டினேன்.
எக்ஸ்ரே
என்று எழுதினேன்.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது.
சங்கச் செயலாளர் தவநாயகம்,
இரண்டு பக்கம், ஒரு சந்திப்பிழை இல்லை:
கேட்டுக் கேட்டுப் பெற்ற சுவரில்
நல்ல தமிழை வெட்டி
ஆங்கிலத்துக்குத் தமிழ்ச்சட்டை போட்டது யார்?
நான்தான்.
இன்னும் பதில் எழுதவில்லை.
அவர் சொல்வதில் பாதி சரி.
எந்தப் பாதி என்றுதான்
சமைக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன்.

நேற்று முழங்காலுக்குப் படம் எடுக்கப் போனேன்.
ஆறாவது வரி வந்திருக்கிறது.
ஒற்றைக்காலைத் தூக்கியபடி
வரிசையில் நிற்கும் ஆட்கள்போல் எழுத்துகள்.
அதில் கொம்பு கழன்றிருக்கிறதா,
கொம்பு என்று ஒன்று உண்டா,
எனக்கென்ன தெரியும்?

இரவு வேலைக்கு வந்த லெத்தெப்ரானிடம் கேட்டேன்.
மூன்றாவது எழுத்து பிழையாம்.
வாய்விட்டுச் சிரித்தாள்,
தன் பெயரைத் தப்பாய்க் கூப்பிட்ட
குழந்தையைப் பார்த்ததுபோல்.

கிரெய்க்குக்கு அவள் நம்பரை அனுப்பினேன்:
இவளைக் கூப்பிடு, நாற்பத்திரண்டு டொலர் கொடு.
பஸ்ஸில் வருகிறவள்,
பார்க்கிங் வேண்டாம்.