பாகம் இரண்டு

மொய் நோட்டைக் கரையான் தின்றுவிட்டது.
மஞ்சள் தடவிய அட்டையும்
பிள்ளையார் சுழியும்தான் மிச்சம்.

மாதையன் சித்தப்பா ஐந்நூற்றொன்று எழுதினாராம்,
தொண்ணூற்றேழில், எங்கள் கல்யாணத்தில்.
நூற்றொன்று என்று எனக்கு ஞாபகம்.
வருகிற தையில் அவர் பேத்திக்குக் காதுகுத்து.

"மைக்கில் பேர் படிச்சாங்களே,
எல்லாம் கேசட்ல இருக்கும்" என்றார் வீட்டுக்காரர்.
படுத்துக்கொண்டேதான் சொன்னார்.
பரண் ஏறியது நான்.

இரண்டு கேசட். பாகம் ஒன்று, பாகம் இரண்டு.
உறைமேல் நாங்கள் ஒரு ரோஜாப்பூவுக்குள் நின்றிருந்தோம்,
எனக்கு மீசை மாதிரி ஒரு கறை.
டெக்கின் வாய்க்குள் இரண்டு பல்லி முட்டை.

மாரண்டஹள்ளியில் யாரும் அதைத் தொடமாட்டேன் என்றார்கள்.
மடியில் வைத்துக்கொண்டு தர்மபுரி பஸ் ஏறினேன்.
கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டார்.
"இது ஓடாதுங்க" என்றேன்,
ஓடாததற்கு டிக்கெட் இல்லை என்பதுபோல.

இர்ஷாத் முதலில் பல்லி முட்டைகளை
ஒரு தீப்பெட்டிக்கு மாற்றி ஜன்னலில் வைத்தார்.
அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவரைத் தேடினார்.
பெல்ட் தாராக உருகியிருந்தது.
ரீலெல்லாம் பூஞ்சை, தயிர்மேல் படர்கிற மாதிரி.
மூன்று நாள் கழித்து வரச்சொன்னார்.

மூன்றாம் நாள் அவர் கடையில்
எங்கள் கல்யாணத்தில் மழை பெய்தது, குறுக்குவாட்டில்.
மொய் மேசை வந்தது. மைக் இருமியது.
"மாரண்டஹள்ளி மாதையன்..."
அந்த நேரம் பார்த்து வீடியோக்காரர்
எங்களை ஊட்டிக்கு அனுப்பிவிட்டார்.
ஏரி. ஏரியில் இரண்டு வாத்து.
சுழன்றுகொண்டே வந்த ஒரு சிவப்பு இதயம்
எங்கள் இருவரையும் விழுங்கி, துப்பி,
மண்டபத்துக்குத் திரும்பினால்
மைக் சொல்கிறது: "...த்தி ஒண்ணு."

ஏழு தடவை திருப்பிப் போட்டோம்.
ஏழு தடவையும் ஊட்டி.
நாலாவது தடவையில்தான் கவனித்தேன்,
மேசைக்குப் பின்னால் வேட்டியை மடித்துக்கட்டி
ரச வாளியோடு ஓடுகிறவர் அவர்.
பந்தியிலும் ஓரத்தில் பாதி உடம்பு.
தாம்பூலம் கொடுக்கும்போது ஒரு கை மட்டும்,
ஆனால் அந்த வாட்ச் அவருடையது.

"பென் டிரைவ்ல ஏத்தித் தரட்டுமாக்கா,
கேசட்டுக்கு எழுநூறு."
"ஊட்டியும் சேர்த்தா?"
இர்ஷாத் சிரித்து டீ சொன்னார்.

பழைய இரும்புக்காரன் டெக்கை மட்டும் எடுத்தான், முப்பது ரூபாய்.
கேசட்டை ஆட்டிப் பார்த்து
"இது எதுலயும் சேராது" என்று
திண்டின்மேல் வைத்துவிட்டுப் போனான்.

கொல்லையில் சோளம் பால் பிடித்திருந்தது.
காலையில் ஐந்தே முக்காலுக்குக் கிளிகள்
ஷிப்டுக்கு வருகிற மாதிரி வரும்.
பாகம் ஒன்றை உடைத்தேன்.
குச்சிக்குக் குச்சி ஒரு முறுக்கு கொடுத்து இழுத்துக் கட்டினேன்.
முக்கால் ஏக்கரைச் சுற்றி வந்தும் மிச்சம் இருந்தது.
தாலி கட்டியது ஏழாவது குச்சிக்கும்
எட்டாவது குச்சிக்கும் நடுவில் இருக்கலாம்.

காற்று பட்டதும் அது பேச ஆரம்பித்தது.
வெயிலில் மின்னி, விம்மி,
தேனீக்கூட்டம் வழிதவறியது மாதிரி.
கிளிகள் ஒரு வட்டம் அடித்துவிட்டு
வரப்பைத் தாண்டி இறங்கின.

வரப்பைத் தாண்டினால் மாதையன் சித்தப்பா கொல்லை.

நாலாம் நாள் வந்தார்.
துண்டைத் தோளிலிருந்து எடுத்து மறுபடி போட்டுக்கொண்டார்.
மழையைப் பற்றிப் பேசினார், யூரியாவைப் பற்றி.
கடைசியாக,
"அந்த மாதிரி ரீலு இன்னொண்ணு இருக்குமா?"

உள்ளே போய்
பாகம் இரண்டை எடுத்துவந்து கொடுத்தேன்.
எங்கள் ரோஜாப்பூவைத் துண்டால் துடைத்துப் பார்த்துவிட்டு
உறையை மட்டும் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது கிளிகள் தண்டவாளம் தாண்டி
யாருடைய சோளத்துக்கோ போகின்றன.
காதுகுத்துக்கு எவ்வளவு எழுதுவது என்று
இன்னும் முடிவாகவில்லை.
ராத்திரி அந்தப் பக்கக் காற்று வரும்போது
அவர் கொல்லை நீளமாக "ண்ண்ண்ணு" என்கிறது.
அதற்கு முன்னால் என்ன சொன்னது என்று
பாயில் எழுந்து உட்கார்ந்து கேட்டாலும்
பிடிபடுவதில்லை.