கிளிப்பெட்டிக்குள் எத்தனை

போச்சம்பள்ளிச் சந்தை, ஞாயிறு.
தார்ப்பாய்க்கு மேலே வெயில்.
கீழே நானும் நாலு மூட்டைப் புளியும்.
எலக்ட்ரானிக் தராசு வந்த பிறகு
வேலையற்றுக் கிடந்த கைத்தராசை
மூங்கில் கழியில் தொங்கவிட்டிருக்கிறான் மாதேஷ்.
ஒரு தட்டு லேசாய்த் தாழும்.
எதிர்த்தட்டில் அதற்கொரு பொடிக்கல், நூலால் கட்டி.

சட்டம் அவர்களே போட்டது:
தீப்பெட்டிக்குள் புளியங்கொட்டை ஒளிக்கணும்.
திறக்காமல் எத்தனை என்று சொல்லணும்.
குலுக்கக் கூடாது. காதில் வைக்கக் கூடாது.
சொத்தைக் கொட்டை செல்லாது.

இடப்பக்கம் பெட்டி, வெளியே மூன்று கொட்டை.
வலப்பக்கம் பத்து.
முள் நின்றது.
வளையல்கடை நஸ்ரின் இங்கே மூன்று எடுத்தாள்,
அங்கேயும் மூன்று எடுத்தாள்.
முள் அசையவில்லை.
"ஏழு" என்றாள், ஏலம் முடித்தவள் மாதிரி.

திறந்தால் நாலு.

மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.
தராசைத் திட்டினார்கள், காற்றைத் திட்டினார்கள்,
கொட்டையைத் தின்றதாக என்னையும்.
ஒன்றாம் வகுப்பு தனுஸ்ரீ மட்டும்
காலிப் பெட்டியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.
"பெட்டிக்கும் வெயிட்டு இருக்குதில்ல?"
வலப்பக்கம் ஒரு வெறும்பெட்டி வைத்தாள்.
தாழ்ந்தது.
மூன்று கொட்டையை எடுத்தாள்.
நின்றது.

ஒன்பதாம் வகுப்பில் எங்கள் சார்
கரும்பலகையில் எக்ஸ் என்று எழுதினார்.
அது எங்கிருந்து வந்தது என்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
அந்த வருடப் பரீட்சையோடு
எக்ஸ் அங்கேயே நின்றுவிட்டது, நான் இங்கே வந்துவிட்டேன்.
அதற்குள் ஏதோ இருக்கிறது,
இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாய் எடுத்தால் தெரியும் என்று
யாரும் அன்று ஒரு தீப்பெட்டி நீட்டியிருக்கலாம்.

"ஏம்மா, புளி கிலோ எவ்வளவு?"
சொன்னேன். கசந்த முகத்தோடு போனார்.

அடுத்து இரண்டு பெட்டி, இரண்டிலும் கிளிப் படம்.
வெளியே ஒரு கொட்டை.
எதிரே இரண்டு வெறும்பெட்டி, பதினொன்று.
ஒன்றை எடுத்தார்கள், பத்தைப் பங்கு பிரித்தார்கள்.
ஆளுக்கு அஞ்சு.
மாதேஷ் சிரிக்கிறான்.
திறந்தால் ஒன்றில் ஏழு, ஒன்றில் மூன்று.

நஸ்ரின் எழுந்தே விட்டாள்.
"ரெண்டும் கிளிதானே?
கிளின்னா எல்லாக் கிளியும் ஒண்ணு.
வேற எண்ணம் வெச்சா வேற படம் வெக்கணும்.
இது களவாணித்தனம்!"
அவன் வாதாடிப் பார்த்தான், எடுபடவில்லை.
தலை குனிந்து ஒரு பெட்டியை மாற்றினான்.
இப்போது ஒரு கிளி, ஒரு தாமரை.
எதிரே வெறும்பெட்டிகளும் பத்தும்.

கிளி எத்தனை, தாமரை எத்தனை?
ஒன்பதும் ஒன்றுமா, எட்டும் இரண்டுமா?
அஞ்சும் அஞ்சுமாகக்கூட இருக்கலாம் என்றாள் தனுஸ்ரீ.
தராசு எல்லாவற்றுக்கும் தலையாட்டியது.
"ஒருக்கா நிறுத்தா பத்தாது" என்றாள் நஸ்ரின்,
"இன்னொருக்கா வேற மாதிரி நிறுத்தணும்."
எப்படி என்று மட்டும் அவளுக்கே தெரியவில்லை.

நடுவில் தனுஸ்ரீயின் முறை.
பெட்டியும் ஆறும் இந்தப் பக்கம்,
வெறும்பெட்டியும் ஆறும் அந்தப் பக்கம்.
ஆறை எடுத்தார்கள், ஆறை எடுத்தார்கள்.
எதிரே எண்ண எதுவும் மிஞ்சவில்லை.
"ஒண்ணுமே இல்லையா? அதெப்படி, ஒளிக்கணும்னுதானே சட்டம்?"
"ஒண்ணுமில்லாததைத்தான் ஒளிச்சேன்."
பல் விழுந்த வாயால் அவள் சிரித்த சிரிப்பில்
கழியோடு தராசு ஆடியது.

மணி மூன்று இருக்கும்.
பழைய ஆள் ஒருவர் குனிந்து கேட்டார்:
"என்னம்மா, அரைக்கிலோ போடாம
தட்டுல கொட்டையப் பார்த்துக்கிட்டு இருக்கே?"

"இருங்கண்ணே" என்றேன்.
"தாமரையைத் தனியா வெச்சுப் பார்க்கறோம்.
கிளிக்குள்ள எத்தனைன்னு இன்னும் தெரியல."