எது அசைந்தது

ஊட்டிக்குப் போகும் காலை ஆறே முக்கால் பேருந்தில்
டிரைவருக்குப் பின்சீட்டு எனக்கு.
ஏறும்போதே சொல்லிவிடுவேன்,
அண்ணே, நிறுத்தச் சொன்னா நிறுத்தணும்.
வயிற்றைப் பார்த்துத் தலையாட்டுவார்.
வாந்தி என்று நினைத்துக்கொள்வார். நினைக்கட்டும்.
வாந்திக்கு ஒரு மரியாதை இருக்கிறது:
எலுமிச்சம்பழம் நீட்டுவார்கள், ஜன்னலோரம் விடுவார்கள்.
மற்றதற்கு
மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள்.

ஒன்பது வருடமாகக் குடல் என்னோடு பேசாமல் பேசுகிறது.
பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில்,
முகூர்த்தத்துக்கு இருபது நிமிடம் இருக்கையில்
பட்டுப்புடவையை இடுப்புவரை சுருட்டிப் பிடித்துக்கொண்டு
மண்டபத்துக் கழிப்பறையில் நான் நின்றபோது.
குன்னூர் டாக்டர் எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டு
ஒண்ணுமில்லம்மா, டென்ஷனைக் குறைங்க என்றார்.
ஒன்றுமில்லாததுக்கு
எழுநூறு ரூபாய் கொடுத்து வந்தேன்.

இலை எடை போடும் கொட்டகையில் வேலை.
கழிப்பறை சூப்பர்வைசர் வீட்டில்தான், பூட்டியிருக்கும்.
மூடுபனியில் சில்வர் ஓக் மரத்துப் பின்னால் ஒதுங்குமுன்
காட்டெருமை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்,
உட்கார்ந்தபின் அட்டை ஏறுகிறதா என்று.

இப்போது இரும்பு மாத்திரை வேறு.
தின்றால் நான்கு நாள் கல்.
நிறுத்தினால் ஐந்தாம் நாள் வெள்ளம்.
வளைகாப்புக்கு ஐந்து வகைச் சோறு என்று
யோகநாதன் வீட்டில் பேச்செடுத்தார்கள்.
தயிர்சாதம் தவிர மற்ற நான்கையும்
எதிரிகளை எண்ணுவதுபோல் எண்ணினேன்.

அசைவு தெரியுதா என்று நர்ஸ் கேட்டாள்.
தெரியாது என்றேன்.
வண்ணத்துப்பூச்சி படபடக்கிற மாதிரி இருக்கும் என்கிறாள்
கூட வேலை பார்க்கும் ரெஜினாமேரி.
எனக்கு எப்போதும் ஏதாவது படபடத்துக்கொண்டேதான் இருக்கிறது.
உருளும், முறுக்கும், குமிழ் விடும்.
இதில் புதிதாக வந்தவரை
எப்படி அடையாளம் காண்பது?

பெரியாஸ்பத்திரியில் ஸ்கேன்.
ஜில்லென்று பசை தடவி அழுத்தியதும்
இடப்பக்கம் சுருக்கென்றது.
கதவு எந்தப் பக்கம், செருப்பு எங்கே என்று
கண் தேடத் தொடங்கிவிட்டது.
டாக்டர் திரையைக் காட்டினார்:
உதைக்குது, பாருங்க.

இதுவா?
மூன்று வாரமாக இதை
நேற்றுக் குடித்த மோர் என்றல்லவா நினைத்தேன்!

அப்படியானால்
இப்ப வேண்டாம், பஸ்ஸில் வேண்டாம்,
தொட்டபெட்டா தாண்டட்டும் சாமி என்று
கையை வைத்துக் கெஞ்சினேனே,
கேட்டுக்கொண்டிருந்தது நீயா?
பொறுத்துக்கொண்டதும் நீயா?
ஒரு தடவை திட்டியும் இருக்கிறேன்.
என்ன வார்த்தை என்று இங்கே எழுதமாட்டேன்.

திரும்பும் வழியில், கட்டபெட்டுக்கு முன் வளைவில்,
மறுபடி ஏதோ அசைந்தது.
நிறுத்தச் சொன்னேன். இறங்கினேன்.
ஓடை ஓரம், பனி, ஈரத் தேயிலை.
நின்றேன்.
ஒன்றும் வரவில்லை, ஒன்றும் போகவில்லை.
எதுவென்று தெரியாததால்
இரண்டுக்கும் பொதுவாகச் சொன்னேன்,
வீடு வந்துரும், இன்னும் கொஞ்சந்தான்.

ஏறியதும் டிரைவர் எலுமிச்சம்பழம் நீட்டினார்.
வாங்கிக்கொண்டேன்.