எட்டாம் வேற்றுமை

செவ்வாய்க்கிழமை வேனில் நான்கு கோப்புகள்.
நான்கின் முகப்பிலும் ஒரே நோயின் பெயர்.
ஓட்டுநர் நீபியா ஓலாகராய் கோப்புகளைத் திறப்பதில்லை.
யார் எப்படி ஏறுகிறார்கள் என்பது போதும் அவளுக்கு.

வாஷிங்டன் பெரெய்ரா படியைக் காலால் தேடுவார்.
மூன்று முறை கண்ணாடி மாற்றியாயிற்று.
"கண்ணில் ஒரு குறையும் இல்லை" என்றார் கண் மருத்துவர்,
வாழ்த்துச் சொல்வது போல.
கண்ணில் இல்லைதான்.
கண் கொண்டுவந்து இறக்குவதை
உள்ளே எடுத்து அடுக்க ஆளில்லை.
மாத்தே குடுவைக்கு நீளும் கை
ஒரு சாண் தள்ளிக் காற்றில் மூடிக்கொள்ளும்.
ஆனால் நாற்பது வருடம் டிக்கெட் சோதித்த தடத்தில்
எந்த நிறுத்தத்துக்குப் பின் எது என்று கேளுங்கள்,
மொந்தேவீடியோ முழுதும் ஒப்பிப்பார்.

ஒதேலோ கர்மெண்டியா தொப்பியைக் கழற்றிவிட்டு ஏறுவார்.
"இன்று செவ்வாயா?"
"ஆமாம்."
பொடி எழுத்துச் செய்தித்தாளைத் தட்டாமல் வாசிப்பார்,
காற்புள்ளிதோறும் மூச்சுவிட்டு.
கடற்கரைச் சாலை திரும்புவதற்குள்,
"இன்று செவ்வாயா?"
சலித்துப்போய் ஒருநாள் புதன் என்று சொல்லிவிட்டாள் நீபியா.
அன்றிரவு அவளுக்குத் தூக்கமில்லை.
அவருக்கு இருந்திருக்கும்.

ஹேபருக்கு ஐம்பத்து நான்கு வயதுதான்.
ஞாபகம் இருக்கிறது, பேச்சு இருக்கிறது,
முன்னது பின்னது இல்லை.
காலுறை எது, காலணி எது, தெரியும்;
காலணிக்கு மேல் காலுறை.
சோம்பேறி என்று பட்டறையிலிருந்து அனுப்பினார்கள்.
பிறகுதான் ஸ்கேன்.
பட்டறை இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

எல்மா சுகாஸ்தி, நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர்.
சாட்சிகளின் வாயிலிருந்து விழுந்ததை
ஒன்று சிந்தாமல் பிடித்தவர்.
இப்போது தன் வாக்கியத்தின் நடுவே
கட்டி முடிக்காத பாலத்தில் நிற்பது போல நிற்கிறார்.
"அந்த... ஊற்றுவோமே... கசக்குமே..."
மாத்தே என்று எடுத்துக் கொடுத்தால் கோபம் வரும்.
தேடிக்கொண்டிருப்பவர் பையில்
நாம் கைவிடலாமா?

ஆகஸ்டில் ஒரு செவ்வாய்.
தெற்கிலிருந்து பம்பேரோ காற்று,
கடல் என்று பொய் சொல்லும் பழுப்பு நதி,
வேனின் பின்சக்கரம் உட்கார்ந்துவிட்டது.
ஹேபர் இறங்கினார். நட்டுகளுக்கு அவர் விரல்களைத் தெரிந்திருந்தது;
ஜாக்கி வைப்பதற்கு முன்பே அத்தனையும் கழன்றன.
ஒதேலோ கையேட்டைப் பிழையில்லாமல் வாசித்தார்,
பதினோராம் பக்கம்,
மறுபடி பதினோராம் பக்கம்.
நான்கு பேரையும் சேர்த்தால் ஒரு முழு ஆள் தேறும் என்று
நீபியாவுக்கு ஒரு கணம் தோன்றியது.
தேறவில்லை.
ஒரு நட்டு உருண்டு சாக்கடைக் கம்பிக்குள் விழுந்தது.

"எதிர்ப்பக்கம் ஐம்பது தப்படியில் நிறுத்தம் இருக்கிறது,
நான் போய்ச் சொல்கிறேன்" என்று வாஷிங்டன் கிளம்பினார்.
திசை சரி, தப்படிக் கணக்கும் சரி.
நடுவில் வரும் லாரியை மட்டும்
கண் இறக்கிவைத்தது, யாரும் எடுக்கவில்லை.

நீபியா நட்டைத் தேடிக் குப்புறக் கிடந்தாள்.
பார்த்தவர் எல்மா ஒருவர்.
நில், லாரி, சாலை, ஐயோ
எதுவும் வரவில்லை.

இலக்கணத்தில் எட்டாவது வேற்றுமை, விளி.
அதற்கென்று தனி உருபு கிடையாது.
பெயர் நீளலாம், திரியலாம், ஈறு உதிரலாம்,
உதிர்ந்தாலும் அழைப்பு அழைப்புதான்.

"வா"

அவ்வளவுதான் கையில் அகப்பட்டது, அவர் பெயரில்.
எல்மாவின் மொழியில் அது உடைந்த பெயர்.
இதை எழுதும் மொழியில் முழுச் சொல்.

வாஷிங்டன் திரும்பினார்.
லாரி தன் நீண்ட ஹாரனை இழுத்துக்கொண்டு போயிற்று.

மாற்று வேன் வந்தது.
அவரவர் விதத்தில் ஏறினார்கள்.
"இன்று செவ்வாயா?"
"ஆமாம், ஒதேலோ. செவ்வாய்தான்."
எல்மா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி
வழியெல்லாம் உதடுகளை அசைத்துக்கொண்டே வந்தார்,
மீதி இரண்டு அசைகளுக்காக.