கேள்வி நான்கு

ஸ்கெல்பி நகர நீச்சல்குளத்தின் மாடியில்
குளோரின் வாசத்துக்கு நடுவே
ஐம்பது நாற்காலி போட்டேன்.
வந்தவர்கள் ஒன்பது பேர்.
அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

மேசைமேல் கட்டுக் கட்டாய்ப் படிவம்.
நான்காம் கேள்வி:
போக்குவரத்து, வீட்டுவசதி, தொழிற்பயிற்சி
ஆகிய அதிகாரங்களை லண்டனிடமிருந்து
வட்டாரத்துக்கு மாற்றுவதை ஆதரிக்கிறீர்களா?
ஆம். இல்லை. தெரியாது.
கீழே ஒரு கட்டம், தீப்பெட்டி அளவு,
உங்கள் கருத்துக்கு.

எழுதியவன் நான்தான்.
எழுதும்போது தெளிவாகத்தான் இருந்தது.

மீன் ஆலை டெரக் ஹெஸ்லப் கை தூக்கினார்:
"அதிகாரம் புறப்பட்டு வருது, சரி.
எந்த ஸ்டாப்பில் இறங்கும்?
அஞ்சு நாப்பதுக்கு மேல
இந்த ஊருக்குப் பஸ் கிடையாதே."

சிரித்தார்கள். நானும்.
அவர் சிரிக்கவில்லை.
ஆறு மணிக்கு ஷிஃப்ட் முடிகிறவர்.

"லண்டன் முந்நூறு மைல்,"
என்றாள் மருந்துக்கடை நஸ்ரீன்.
"நியூகாசல் அறுபது.
போனை எடுக்காததில்
ரெண்டும் ஒரே தூரம்."
சாமி வரம் கொடுத்தும்
பூசாரி கொடுக்காத கதைக்கு
என் படிவத்தில் இடம் விடவில்லை.

போஷெனா எதுவும் பேசவில்லை.
தாளைத் திருப்பிப் பின்பக்கம்
ஒரு பள்ளிக்கூடம் வரைந்தாள், ஒரு சாலை,
ஒரு லாரி, அதன் எல்லாச் சக்கரங்களோடும்.
பிறகு என் சிவப்புப் பேனாவைக் கேட்டு வாங்கி
சாலையின் குறுக்கே ஏழு கோடுகள்.
பிள்ளைகளை வரையவில்லை.

மழைக்கு ஒதுங்கியவர்தான்
முதலில் 'ஆம்' போட்டார்.
இரண்டு பிஸ்கட் எடுத்துக்கொண்டு போனார்.

எட்டரைக்கு நாற்காலிகளை மடக்கிவிட்டு எண்ணினேன்.
ஆம் நான்கு, இல்லை இரண்டு, தெரியாது ஒன்று.
டெரக்கின் கருத்து கட்டத்தைத் தாண்டி
ஓரமாய் இறங்கி
ஐந்தாம் கேள்வியின் மேல் ஏறியிருந்தது.
எல்லாம் பஸ் நேரங்கள்.
ஏழு சிவப்புக் கோடுகளை
கணினியில் எங்கே ஏற்றுவது?
'மற்றவை' என்றொரு பத்தி இருக்கிறது.
போன தடவை மக்கள் சொன்னதில் பாதி
அங்கேதான் கிடக்கிறது.
யாரும் திறந்து பார்த்ததில்லை. நானும்.

வெளியே ஸ்டாப்பில் டெரக்
காலரைத் தூக்கிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.
பஸ் வராதென்று அவருக்குத்தான் தெரியுமே.
"சும்மா, பழக்கம்," என்றார்.
ஏற்றிக்கொண்டேன்.

கடல்மதிலைத் தாண்டியதும்
வழிகாட்டும் கருவி
இதற்குமேல் சாலை இல்லை,
திரும்பவும், திரும்பவும் என்றது.
"இருக்கு," என்றார்.
"பன்னெண்டு வருஷமா இருக்கு. நேரே போங்க."

போனேன்.
பின்சீட்டில் படிவப் பெட்டி
ஒவ்வொரு பள்ளத்துக்கும் துள்ளியது.
இருட்டிலும் அவர் சொல்லிக்கொண்டே வந்தார்:
இது போன வருஷத்துது.
இது புதுசு.
இதுக்கு மட்டும் கொஞ்சம் இடப்பக்கம் ஒடிங்க.