பதினான்கு மாதம்

தெருக்களுக்குப் பெயர் வைக்காத ஊர் மன்ஹைம்.
எழுத்தும் எண்ணுமாய்க் கட்டம் கட்டமாகக் கிடக்கிறது,
கணக்குப்பிள்ளை ஒருவர் எக்செலில் வரைந்துவிட்டு
மூடாமல் எழுந்து போனதுபோல.
எல் வரிசை, ஒன்பதாம் கட்டம்:
வணிகப் பள்ளியின் சேர்க்கை அலுவலகம்.
விலாசத்தை ரசீது எண்போல வாசித்துக்கொண்டு வந்தேன்.

“ஃப்ராவ் பழனியப்பன்.”

முதல் தடவை நான் எழுந்திருக்கவில்லை.
குடும்பப் பெயர் என்ற பெட்டியைக் காலியாக விட
படிவம் ஒத்துக்கொள்ளாததால்
இனிஷியலாக மட்டும் இருந்த அப்பா
இந்த நாட்டில் திருமதியாகிவிட்டார்.
பாஸ்போர்ட்டே எடுக்காத மனிதர்,
கோயமுத்தூர் போக ஜன்னலோரம் கேட்பவர்.
இரண்டாம் தடவை கூப்பிட்டபோது
அவருக்குப் பதிலாக நான் போனேன்.

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
உல்ரிகே ஸாட்லர் தாள் தாளாகத் திருப்புகிறார்.
பி.காம்., அறுபத்தெட்டு விழுக்காடு.
அவர்கள் சூத்திரத்தில் போட்டுப் பிழிந்தால்
இரண்டு புள்ளி ஆறு.
இங்கே ஒன்றுதான் உச்சம், நான்கில் உயிர் தப்பலாம்.
குறையக் குறைய உசத்தி என்பதை
கொட்டேஷன் போட்டுப் பிழைத்தவளுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.
ஜிமேட், சரி.
ஜெர்மன் மொழித் தேர்வு, சரி.
புள்ளியியல் அரியர், நவம்பரில் தேறியது:
அந்த மாதத்தின் மேல் பென்சில் கொஞ்சம் நின்று
நகர்கிறது.

அடுத்து, அனுபவம்.
கேட்பது மூன்று வருஷம், சான்றோடு.
கம்பெனியில் இருந்தது இருபத்திரண்டு மாதம்.
இந்த ஊர்க் கடைகளுக்குக் குழந்தை பனியன் தைத்த கம்பெனி.
ஆர்டர் ரத்தான வாரத்தில் ஷட்டரை இறக்கினார்கள்.

அப்புறம் அனுப்பர்பாளையத்தில்
ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, பதினோரு பெண்கள்.
செக்கிங், பிசிறு வெட்டுதல், மடிப்பு.
பீஸுக்கு எண்பது காசு.
சனிக்கிழமைச் சம்பளம் ஒரு வாரமும் தவறவில்லை.
ஒரு சனிக்கிழமை மட்டும்
என் தோடு அடகுக்குப் போய் வந்தது.
லைசென்ஸ் கிடையாது. பில் கிடையாது.
இருந்தது நீளவாக்கில் ஒரு நோட்டு.

அதைத்தான் முதலில் நீட்டினேன்.
மெஷின் எண்ணெய், பெருவிரல் ரேகைகள்,
வட்டம் போட்ட முன்பணங்கள்.
மரியாதையாகப் பார்த்தார்.
மரியாதையாகத் திருப்பித் தந்தார்.
“முத்திரை இல்லையே.”

முத்திரையுள்ள தாளும் இருந்தது.
இல்லாத கம்பெனி, இருந்த பதினான்கு மாதம்.
ரப்பர் ஸ்டாம்ப்புக்கு இருநூறு ரூபாய்,
லெட்டர்ஹெட் இனாம்.
என்னை உற்பத்தி மேலாளர் என்று சான்றளித்து
பொது மேலாளராகக் கையெழுத்திட்டவள்
பிசிறு வெட்டிய சாந்தாமணி.
மூன்று நாள் பழகினாள், அந்த ஆங்கிலக் கையெழுத்தை.
“வேல செஞ்சது நெசந்தானுங்களே?” என்றாள்.
என்னைக் கேட்டாளா, தன்னையா, தெரியவில்லை.

“இது ஒழுங்காக இருக்கிறது” என்கிறார் ஸாட்லர்.
எழுந்துவிடலாம் என்று கைப்பையைத் தொட்டபோது
தாளின் அடியில் விரல் வைக்கிறார்.
“இந்த எண்ணில் இவரோடு பேசலாமா?
ஒரு நிமிஷம்தான்.”

இரண்டாம் பருவத்தில் வணிக அறம் என்றொரு பாடம்,
ஆறு புள்ளி. ட்ராமில் வரும்போது படித்தேன்.
எதிர் இருக்கைக் குழந்தையின் கழுத்துப்பட்டையில்
ஒரு தையல் தாண்டியிருந்தது.
அதைப் பார்த்ததில் மீதியைப் படிக்கவில்லை.

இங்கே காலை பத்து. அங்கே மதியம் ஒன்றரை.
சாந்தாமணி தூக்குப்போசியை மூடிவிட்டுக்
கை கழுவிக்கொண்டிருப்பாள்.
நாற்பத்தொன்பதில் தொடங்கும் எண்ணைப் பார்த்து
லோன்காரன் என்று வெட்டிவிடலாம்.
ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு
எடுத்தும் விடலாம்,
பொது மேலாளரின் குரலில்.

ஸாட்லர் எண்களை ஒவ்வொன்றாக அழுத்துகிறார்.
நோட்டு என் மடியில்.
பதினோரு பேரையும் மனசுக்குள் கூப்பிடுகிறேன்.
ஒன்பதாவது பெயர் வர மறுக்கிறது.

ரிங் போகிறது.