எட்டாள் கணக்கு

தடைக்காலத்தின் பதினோராம் நாள்
பாம்பன் பாலத்தடியில் வலை பொத்திக்கொண்டிருந்த நம்புராசன்
வாய்தவறிச் சொன்னான்:
"அண்ணன் வைக்கிற குழம்புக்காகவே
அந்தப் போட்டுல ஏறுறோம் மதினி."

தூக்குவாளியைக் கைமாற்றாமல் நின்றேன்.
பன்னிரண்டு வருசமாக
ஒரு செம்புத் தண்ணியைத் தானே மோந்து குடிக்காத மனுசன்
நடுக்கடலில், ஆடுகிற அடுப்பில்
எட்டுப் பேருக்கு உலை வைக்கிறாராம்.
சட்டியும் அவரே கழுவுவாராம்,
கடல் தண்ணியில் ஒருமுறை
நல்ல தண்ணியில் ஒருமுறை.

வீட்டுக்கு வந்து கத்தவில்லை.
கம்பெனியில் நண்டோடு கிழித்த விரல்களை நீட்டி
"புளி எரியுது" என்றேன்.
அவ்வளவுதான்.

இன்னாசி எழுந்தார்.
முதலில் கதவைச் சாத்தினார்,
பக்கத்து வீட்டு செலின் பார்த்துவிடக் கூடாதாம்.
சூடைமீனின் வயிற்றை ஒரே கீறலில் திறந்த கை
மிளகாய்த்தூள் எந்த டப்பா என்று தெரியாமல்
மூன்றைத் திறந்து முகர்ந்தது.

குழம்பு எட்டாளுக்கு இருந்தது.
உப்பும் எட்டாளுக்கு.
நாங்கள் நாலு பேர்.
"கடலு மாதிரி இருக்குப்பா" என்றாள் சின்னவள்.
அவர் சிரிக்கவில்லை.
இரண்டு உருளைக்கிழங்கை வெட்டிப்போட்டுக்
கொதிக்கவிட்டார் மறுபடியும்.
எனக்குத் தெரியாத கைப்பக்குவம் அது.

விடியலில் கம்பெனி வேனுக்குக் கிளம்பும்போது
கதவு திறந்து கிடந்தது.
கொல்லையில், வெட்டவெளியில்,
மணல் போட்டுச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்.
செலின் பார்த்தாள்.
நானும் பார்த்தேன்.

"வாளியில துணி ஊறுது" என்றேன்
வேனில் ஏறியபடி.